கடைசி நாள் விலைப்பலகை

செங்கல், சுண்ணாம்பு, மரம்: பழைய கட்டடங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்

போன இதழில், சுவர் விரிசல் பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, மான்செஸ்டரில் இருக்கும் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். துணி வியாபாரம் நடந்த மண்டபத்துக்குள் இப்போது நாடக அரங்கம் இருக்கிறது என்று. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. குளியலறைக் கசிவும் மொட்டைமாடி வெடிப்பும் ஒரு இதழ் காத்திருக்கட்டும். இந்த முறை இதற்கே இடம்.

நான் கோயம்புத்தூர்க்காரி. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். அசல் மான்செஸ்டரில் வியாபாரம் நடந்த அந்த இடத்தை நீங்கள் நேரில் பார்த்தீர்களா? எப்படி இருக்கிறது?
– ஒரு வாசகி, அசோக் நகர்

பார்த்தேன் அம்மா. 2018-ல் மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது, இதற்காகவே ஒரு நாள் ரயிலேறிப் போனேன். ஊர் நடுவில், செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தை ஒட்டி நிற்கிறது. கல் முகப்பு, வரிசையாகத் தூண்கள், மூலையில் ஒரு கோபுரம், தெரு மட்டத்தில் கடைகள். நம் பாரிமுனையில் நிற்கும் பழைய பேங்க் கட்டடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வெளிப்புறம் அவ்வளவு புதிதாக இருக்காது. படியேறி மண்டபத்துக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிடும். தலைக்கு மேல் வெகு உயரத்தில் கண்ணாடி மாடங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூண்கள். நடுவில், அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோல, இரும்புக் குழாய்களாலும் கண்ணாடியாலும் ஆன ஒரு கூடு உட்கார்ந்திருக்கிறது. நிலவில் இறங்கிய கலம் மாதிரி இருக்கிறது என்று ஊரார் சொல்வார்கள். அதுதான் நாடக அரங்கம். அதைப் பற்றி ஒரு மாணவர் தனியாகக் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் அங்கே மூட்டை மூட்டையாகப் பஞ்சு வந்து இறங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். பஞ்சுக்குச் சந்தை லிவர்பூல். மான்செஸ்டரில் பேசப்பட்டது பெரும்பாலும் நூலும் துணியும். ஆலைக்காரர், நூல் ஏஜெண்ட், வெளுப்புப் பட்டறைக்காரர், ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் எல்லோரும் ஒரே தளத்தில் நின்றபடி பேரம் பேசுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் முக்கிய நாட்கள். இன்ன ஆள் இன்ன தூணுக்குப் பக்கத்தில் நிற்பார் என்று எல்லோருக்கும் தெரியும். கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன்னால் அங்கே போயிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

1729-ல் முதல் கட்டடம், 1809-ல் இரண்டாவது, 1874-ல் முடிந்தது மூன்றாவது. விக்டோரியா ராணி 1851-ல் அந்த ஊருக்கு வந்துபோன பிறகுதான் ‘ராயல்’ ஒட்டிக்கொண்டது. அதுவும் போதாமல் முதல் உலகப் போர்க் காலத்தில் பெரிதாக்க ஆரம்பித்து 1921-ல் முடித்தார்கள். அப்போது உறுப்பினர்கள் ஏறக்குறைய 11,000 பேர். இங்கிலாந்திலேயே பெரிய வியாபார மண்டபம் என்று பெயர். 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் பாதி நாசமானது. பழுதுபார்த்து 1953-ல் மறுபடி திறந்தபோது மண்டபம் சுருங்கியிருந்தது. வியாபாரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1968 கடைசியோடு நின்றேவிட்டது.

நான் பார்க்கப் போனது அந்தக் கடைசி நாளைத்தான். மண்டபச் சுவரில் உயரத்தில் விலைப்பலகை இருக்கிறது. கடைசி நாள் வியாபாரம் முடிந்தபோது என்ன விலை இருந்ததோ அது அப்படியே நிற்கிறது. யாரும் எடுக்கவில்லை, அழிக்கவில்லை. அதற்குக் கீழே சின்னப் பிள்ளைகள் காபிக் கடை மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

1968-ல் நான் எட்டாம் வகுப்பு. அப்பா வடசென்னையில் ஒரு துணி ஆலையில் மடிப்புப் பிரிவில் வேலை பார்த்தார், முப்பத்தொரு வருடம். எந்தத் துணி வீட்டுக்கு வந்தாலும் முதலில் அதன் கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இரண்டு தடவை தேய்ப்பார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, “நாற்பதாம் நம்பர் நூல்” என்பார். தீபாவளித் துணி வாங்கப் போனால் கடைக்காரர் முன்னாலும் இதேதான். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே நின்றபோது, என் விரல்கள் தாமாகவே சட்டை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

நீங்கள் புகழ்கிற அந்த மாளிகைதான் நம் நெசவாளர்கள் வயிற்றில் அடித்தது. என் தாத்தா 1921 வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர். அதைக் காப்பாற்றி வைத்திருப்பதில் நமக்கு என்ன பெருமை?
– ஒரு வாசகர், புளியந்தோப்பு

ஐயா, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் நியாயமானது. உங்கள் தாத்தாவின் வருடத்தையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

1921 ஜூனில் பெரம்பூரில் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் வரை நீடித்தது. திரு.வி.க. முன்னால் நின்றார். ஆகஸ்ட் கடைசியில் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். போராட்டம் சாதிப் பிளவாகவும் மாறி, உங்கள் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதே வருடம் செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் காந்தி தன் உடையைக் களைந்து நாலு முழத் துண்டுக்கு மாறினார். அந்நியத் துணியை விட்டுவிடு என்று ஏழைகளிடம் சொன்னால், மாற்றுத் துணி வாங்கக் காசு இல்லையே என்றார்கள். அதற்கு அவர் சொன்ன பதில் அந்தத் துண்டு. அக்டோபரில், கடலுக்கு அந்தப் பக்கம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மான்செஸ்டருக்கு வந்து விரிவாக்கிய ராயல் எக்ஸ்சேஞ்ச் மண்டபத்தைத் திறந்து வைத்தார்.

மூன்றும் ஐந்தே மாதங்களுக்குள். நான் அந்தத் தேதிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பின்னி கம்பெனி நடத்திய அந்தப் பெரம்பூர் ஆலை மான்செஸ்டரின் கிளை இல்லை. சொல்லப்போனால் இந்தியச் சந்தையில் மான்செஸ்டருக்குப் போட்டி. ஆனால் நம் ஊர் ஆலைகள் பலவற்றில் ஓடிய இயந்திரங்கள் மான்செஸ்டருக்கு அடுத்த ஓல்டமிலிருந்து வந்தவை. அப்பா வேலை பார்த்த இடத்திலும் இயந்திரத்தில் ‘பிளாட் பிரதர்ஸ், ஓல்டம்’ என்று வார்ப்பெழுத்து இருக்கும். ஆயுதபூஜை அன்று அந்த எழுத்து மேல்தான் சந்தனம் வைப்பார்கள்.

1913-ல் பிரிட்டன் வெளிநாட்டுக்கு அனுப்பிய துணி ஏறக்குறைய 700 கோடி கெஜம். அதில் 300 கோடி கெஜத்துக்கு மேல் இந்தியாவுக்கு வந்தது. அந்தக் கணக்கை நம்பித்தான் மண்டபத்தை அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். பூச்சு காய்வதற்குள் கணக்கு மாறிவிட்டது. நம் ஆலைகள், ஜப்பான் ஆலைகள், சுதேசி இயக்கம், இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து அந்த 300 கோடியைக் கரைத்துவிட்டன. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தி, மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் ஆலைப் பகுதிக்கே போய் வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களைப் பார்த்தார். டார்வென் ஊரில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து கை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படம் பிரபலம். 1950களின் கடைசியில், துணி விற்றே வாழ்ந்த பிரிட்டன், விற்பதைவிட அதிகமாகத் துணி வாங்கும் நாடாகிவிட்டது.

அதனால்தான் அந்தக் கட்டடம் நிற்க வேண்டும் என்கிறேன். இடித்துவிட்டுக் கண்ணாடி ஆபீஸ் கட்டியிருந்தால், உங்கள் தாத்தாவின் வருடமும் அந்த மண்டபத்தின் வருடமும் ஒன்று என்று காட்ட எனக்கு ஒரு சுவர்கூடக் கிடைத்திருக்காது. அந்த மண்டபத்துக்கு எந்த அளவு உரிமை மான்செஸ்டர்காரருக்கு இருக்கிறதோ, அதே அளவு உங்களுக்கும் இருக்கிறது. அங்கே நின்றபோது எனக்கு இருந்தது பெருமை இல்லை, ஐயா. ஒரு பழைய கணக்கின் ரசீதைக் கையில் வாங்கியது போல இருந்தது.

ராயல் எக்ஸ்சேஞ்ச் ‘கிரேடு 2’ கட்டடம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இரண்டாந்தரம்தானே?
– ஒரு வாசகர், கே.கே. நகர்

இல்லை. இங்கிலாந்தில் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறக்குறைய 4 லட்சம் பதிவுகள் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கிரேடு 2. அதற்கு மேலே நட்சத்திரம் போட்ட கிரேடு 2, எல்லாவற்றுக்கும் மேலே கிரேடு 1, இது நூற்றுக்கு இரண்டரை அளவுதான். எந்தக் கிரேடாக இருந்தாலும் சட்டம் ஒன்றே. உள்ளூர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ, கட்டடத்தின் தன்மை மாறும்படி திருத்தவோ கூடாது. மீறினால் அது கிரிமினல் குற்றம். வெளி முகப்பு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், மாடிப்படி, கதவு, மேற்கூரை வேலைப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் பாதுகாப்பு. யார் வேண்டுமானாலும் ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கும்படி மனுப் போடலாம்.

சிவில் படிக்கிறேன். இருக்கிற கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடத்தை எப்படி வைத்தார்கள்? பழைய தளம் தாங்குமா?
– ஒரு மாணவர், கிண்டி

தாங்காது தம்பி. அதுதான் கதை. இந்தக் கேள்விக்காகவே உன் தோளில் தட்ட வேண்டும் போல இருக்கிறது.

1968-க்குப் பிறகு மண்டபம் ஐந்து வருடம் சும்மா கிடந்தது. 1973-ல் ஒரு நாடகக் குழு உள்ளே தற்காலிக அரங்கம் போட்டு நடித்துப் பார்த்தது. இடம் பிடித்துப்போனது. நிரந்தர அரங்கம் கட்டலாம் என்றபோது கணக்குப் போட்டவர்கள் கையை விரித்தார்கள். அந்தத் தளம் ஆட்கள் நின்று பேசுவதற்காகக் கட்டியது. கீழே கடைகள். மூன்று அடுக்கு இருக்கை, எழுநூறு பேருக்கு மேல் பார்வையாளர்கள், விளக்குகள், இரும்பு எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்ற முடியாது.

இந்த இடத்தில் நம் ஊரில் என்ன செய்வோம்? தளத்தை உடைத்துவிட்டு கான்கிரீட் போடுவோம். அங்கே தளத்தை விட்டுவிட்டுத் தூண்களைப் பார்த்தார்கள். நடு மாடத்தைத் தாங்கும் நாலு பெரிய தூண்கள் ஏற்கெனவே பெரும் பாரத்தைச் சுமக்கவென்றே கட்டப்பட்டவை. தூணுக்குத் தூண் இரும்புக் குழாய்ச் சட்டங்கள் போட்டு, 150 டன் எடையுள்ள அரங்கத்தை அதிலிருந்து தொங்கவிட்டார்கள். நடிக்கும் இடமும் முதல் வரிசை இருக்கைகளும் மட்டும் பழைய தளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மற்றதெல்லாம் தூண் வழியாக அஸ்திவாரத்துக்குப் போய்விடுகிறது. 1976 செப்டம்பரில் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே திறந்துவைத்தார்.

நான் போயிருந்தபோது அந்தக் கூட்டின் அடியில் குனிந்து பார்த்தேன். குழாய்ச் சட்டம் தூணைச் சேரும் இடத்தில் நீ நின்று பார்க்க வேண்டும். புதியது எது, பழையது எது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒட்டுப்போட்டு மறைக்கும் வேலை எங்கும் இல்லை. நாளைக்கே நாடகம் வேண்டாம் என்றாலும், மண்டபத்தைச் சிதைக்காமல் அந்தக் கூட்டைக் கழற்றிவிடலாம்.

அப்புறம் அதற்கு ஒரு பரீட்சையும் வந்தது. 1996 ஜூன் 15, சனிக்கிழமை காலை. வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐரிஷ் குடியரசுப் படை லாரியில் வைத்த ஏறக்குறைய ஒன்றரை டன் வெடிகுண்டு, கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வெடித்தது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததால் ஆட்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம், உயிர்ச்சேதம் இல்லை. மண்டபத்தின் மாடம் இடம் பெயர்ந்தது. கண்ணாடி எல்லாம் போனது. நடுவில் இருந்த அந்த இரும்புக் கூடு பெரிய சேதமில்லாமல் தப்பியது. இடித்துத் தள்ள அதைவிட நல்ல சாக்கு யாருக்கும் கிடைக்காது. அவர்கள் 3 கோடியே 20 லட்சம் பவுண்டு செலவில் செப்பனிட்டு 1998 நவம்பரில் திறந்தார்கள். லாட்டரி நிதி பெரிதாக உதவியது.

உன் பாடப்புத்தகத்தில் பாரம் பற்றி இருக்கும். பழைய கட்டடத்துக்குள் போகும்போது முதலில் பாரம் எங்கே இறங்குகிறது என்று பார். அழகை அப்புறம் பார்க்கலாம்.

ஜார்ஜ் டவுனில் தாத்தா காலத்துக் கடை. மாடி மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டைகள். இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. பில்டர், “இதெல்லாம் ஆயுசு முடிஞ்சது சார், இடிச்சிடலாம்” என்கிறார். பாரம்பரியப் பட்டியலில் வந்துவிட்டால் விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு கடை உரிமையாளர், பவழக்காரத் தெரு

இடிக்காதீர்கள். குறைந்தபட்சம், நான் சொல்வதைப் பார்த்து முடிக்கும் வரை இடிக்காதீர்கள்.

நான் இதை அதிகாரமாகச் சொல்லக் காரணம் உண்டு. 1987-ல் நானே ஒரு தப்புச் செய்தேன். கடைத்தெருவில் ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். உங்களுடையது போலவே மெட்ராஸ் டெரஸ், உங்களுடையது போலவே ஒழுகல். நான் கையெழுத்துப் போட்டு, தேக்குக் கட்டைகளை இறக்கிவிட்டு கான்கிரீட் தளம் போடச் சொன்னேன். ஆறாவது மாதம் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல். சுண்ணாம்புக் காரையில் கட்டிய அந்தச் செங்கல் சுவர், ஒவ்வொரு கட்டை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக பாரம் வாங்கிப் பழகியது. நான் அதன் தலையில் ஒரே பலகையாக கான்கிரீட்டை வைத்தேன். இறக்கிய தேக்கை லாரியில் ஏற்றியபோது கட்டைகளில் ஒன்றுகூட உளுத்திருக்கவில்லை. ஒழுகலுக்குக் காரணம் மாடியில் அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய். இன்றுவரை அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

சரி, உங்கள் மாடிக்கு வருவோம். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில், குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே ஓடு பதிப்பது. சுண்ணாம்பு மூச்சுவிடும். நனைந்தால் காய்ந்துவிடும். ஒழுகுகிறது என்றதும் யாராவது அதன் மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். பூசியிருக்கிறார்களா? அப்படியானால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையைத் தேடிப் போகிறது. சுவரிலும் அதே கதைதான். போன மாதம் உங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். ‘டொப் டொப்’ என்று வெற்றுச் சத்தம். சிமெண்ட் பூச்சின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன், தோசை மாதிரி ஒரு முழம் கழன்று வந்தது. பின்னால் செங்கல் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. இரண்டடி தள்ளி, சிமெண்ட் படாத பழைய சுண்ணாம்புப் பூச்சு நூறு வருடம் கழித்தும் முட்டை ஓடு போல வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது.

முதலில் மாடிக்கு ஏறி மழைத்தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே கிள்ளிப் பயனில்லை, வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். அப்புறம் கீழே வந்து, ஒவ்வொரு தேக்குக் கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அழுகல் எப்போதும் அங்கேதான் தொடங்கும், நடுவில் இல்லை. முனை மட்டும் போயிருந்தால் முனைக்கு மட்டும் வைத்தியம் செய்யலாம். மேல்தளத்துக்குச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் வேண்டும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்து அரைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் கேட்டால் ஆள் கிடைக்கும்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன்: மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அதை நூறு வருடக் கட்டைகளின் நடுவில் வைத்துவிட்டு, கட்டை வளைகிறது, ஆயுசு முடிந்தது என்கிறோம். கிண்டி மாணவருக்கு மேலே எழுதிய பதிலைப் படியுங்கள். மான்செஸ்டர்காரர்கள் 150 டன்னுக்குச் செய்ததை நீங்கள் ஒரு டன்னுக்குச் செய்தால் போதும். தடித்த சுவர்கள் சேரும் மூலையில் இரும்புச் சட்டம் போட்டு, பாரம் சுவரில் மட்டும் இறங்கும்படி டேங்கை அதன் மேல் ஏற்றிவிடுங்கள்.

பட்டியல் பயத்துக்கு வருகிறேன். 2010-ல் நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது, அது நடைமுறைக்கு வருவதற்குத்தான் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. முதலில் உங்கள் கட்டடம் பட்டியலில் இருக்கிறதா என்று சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பில்டர் வாயால் கேட்காதீர்கள். பட்டியலில் இருந்தாலும் சொத்து உங்களுடையதே. விற்கலாம், வாடகைக்கு விடலாம், கடை நடத்தலாம். இடிப்பதற்கும் உருவத்தை மாற்றுவதற்கும்தான் அனுமதி கேட்க வேண்டும்.

உரிமையாளர் தலையில் செலவைக் கட்டிவிட்டுப் பாதுகாப்பு பேசுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். இங்கிலாந்திலும் பட்டியலில் வந்ததாலேயே யாருக்கும் பணம் வந்து விழுவதில்லை. உரிமையாளர் கவனிக்காமல் விட்டால், உள்ளூர் மன்றமே அவசர வேலைகளைச் செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆனால் அங்கே ஒன்று இருக்கிறது: நாடகக் குழுவுக்கு இடம் வேண்டியிருந்தது, மண்டபத்துக்கு வேலை வேண்டியிருந்தது, இரண்டையும் சேர்த்துவைக்க ஊரும் மன்றமும் முன்வந்தன. உங்கள் கடையில் இன்றும் வியாபாரம் நடக்கிறது. அதுவே பாதிப் பாதுகாப்பு.

மவுண்ட் ரோட்டில் அப்படி ஒரு கட்டடம் நமக்கு மிஞ்சியிருக்கிறதா?
– ஒரு வாசகி, ராயப்பேட்டை

இருக்கிறது. ஹிக்கின்பாதம்ஸ் 1904-ல் கட்டிய கட்டடத்திலேயே இன்றும் புத்தகம் விற்கிறார்கள். ஸ்பென்சரின் பழைய கட்டடத்தை 1980களில் தீ தின்றுவிட்டது. நான் தினமும் நினைப்பது பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை. 1897-ல் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது, கார்டைல் பில்டிங் என்று பெயர். கூம்பும் மாடமுமாக, சிவப்புச் செங்கல்லில். 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. கடப்பாரை நின்றது, வேலை ஒன்றும் வந்து சேரவில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அதன் தூண்களைத்தான் எண்ணுகிறேன், எது எவ்வளவு தாங்கும் என்று.

பவழக்காரத் தெரு நண்பருக்கு மறுபடி ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் அந்த டேங்கை இறக்கிவிடுங்கள். மற்றதை மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டை முனைகளைக் குத்திப் பார்த்துவிட்டு, எத்தனை முனை மெத்தென்று இருந்தது என்று இதே பகுதிக்கு எழுதுங்கள்.